அமைலோஸா, அமைலோபெக்டினா?

மாவுச்சத்து என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதற்குள் இருப்பவை இரண்டு: அமைலோஸ், அமைலோபெக்டின். இரண்டுமே குளுக்கோஸ் கோத்த சங்கிலிகள்தான். சாதாரண அரிசி, கோதுமை, உருளைக்கிழங்கு மாவுச்சத்தில் ஏறத்தாழ 20 முதல் 30 சதவீதம் அமைலோஸ், மீதி அமைலோபெக்டின்.

அமைலோஸ் பெரும்பாலும் கிளையில்லாத நீண்ட இழை, சுருள் வில்லைப் போல வளைந்திருக்கும். மாவுச்சத்தில் அயோடின் விட்டால் கருநீலம் தோன்றுவது, அயோடின் அந்தச் சுருளுக்குள் புகுவதால்தான். அமைலோபெக்டினோ 24 முதல் 30 குளுக்கோஸுக்கு ஒரு கிளை விட்டுப் படரும். அயோடின் பட்டால் செவ்வூதாதான்.

அடுப்படியில் இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும். அமைலோஸ் கூடிய அரிசி உதிரியாக வேகும். ஒட்டரிசியில் அது கிட்டத்தட்ட இல்லவே இல்லை. சோறு ஆறியதும் விறைக்கிறதே, அதைத் தொடங்கி வைப்பதும் அமைலோஸ்தான்: சில மணி நேரத்தில் அதன் இழைகள் நெருங்கி இறுகிவிடும். அமைலோபெக்டின் இறுக நாட்கள் ஆகும். ரொட்டி பழசாகிக் கெட்டியாவது பெரும்பாலும் அதனால்தான். ஈரம் போனதுதான் காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் ஈரம் குறையாமல் மூடி வைத்த ரொட்டியும் இறுகும். சூடாக்கினால் மறுபடி இளகும்.

செரிமானத்தில் அமைலோபெக்டின் வேகமானது, அதன் கிளைகளில் நொதிகளுக்கு இடம் அதிகம். இரத்தச் சர்க்கரையைக் கவனிப்பவர்களுக்கு அமைலோஸ் கூடிய அரிசியையே நான் சொல்வேன். குழைய வேகவிட்டால் அந்த ஆதாயம் குறையும்.