லைஃப் கோச்சா, கவுன்சிலரா, பத்து நாள் மௌனமா?

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா இது என் வாழ்க்கை மாதிரியே இல்ல." ஒரு நாள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு இதை மனைவியிடம் சொன்னேன். அப்போது வயது 39. கோவையில் ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் வேலை. வீட்டுக் கடன் பாதி அடைந்திருந்தது. உடம்புக்கு ஒன்றுமில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தர வேண்டும் என்ற பழைய ஆசை மட்டும் விடாமல் அரித்துக்கொண்டிருந்தது. அடுத்த ஒன்றரை வருடத்தில் மூன்று வழிகளிலும் போய்ப் பார்த்தேன். இதே யோசனையில் இருப்பவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன். இரண்டு நாள் மோட்டிவேஷன் வகுப்பு ஒன்றுக்கும் போனேன். 300 பேர் நடுவில் என் கேள்வியைக் கேட்க யாருக்கும் நேரமில்லாததால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

முதலில் லைஃப் கோச், அதாவது கேள்வி கேட்டுக் கேட்டே நம்மை நம் இலக்கை நோக்கி நகர வைப்பவர். வாரம் ஒரு மணி நேரம், வீடியோ காலில், ஒரு அமர்வுக்கு 2,500 ரூபாய். ஆறு அமர்வுக்கு முன்பணம் கட்டினேன். அவர் என் கதையை நீட்டவிடவில்லை. "வேலையை விடறதா வேண்டாமான்னு அப்புறம் பார்க்கலாங்க. வர்ற சனிக்கிழமை சாயங்காலம் எத்தனை மணி நேரம் ஒதுக்க முடியும்?" என்று கேட்டார். என்ன வேண்டும், இப்போது எங்கே நிற்கிறோம், என்னென்ன வழிகள் உண்டு, எதைச் செய்யப் போகிறோம் என்ற இந்த நான்கு படி வரிசையை 1992-இல் ஜான் விட்மோர் என்ற பிரிட்டிஷ் கோச் புத்தகமாக எழுதிப் பரப்பினார். பெரும்பாலான கோச்சுகளின் கேள்விகள் ஏதோ ஒரு வகையில் இதன் மேல்தான் ஓடுகின்றன. பலன் இருந்தது. மூன்றாவது வாரமே எதிர்வீட்டுப் பையனும் அவன் சிநேகிதனும் எங்கள் திண்ணையில் பின்னங்கள் போட்டுக்கொண்டிருந்தார்கள். பதினைந்து வருடமாக நினைத்துக்கொண்டே இருந்தது, மூன்று வாரத்தில் நடந்தது.

ஐந்தாவது அமர்வில் "அப்பாகிட்ட எப்பங்க சொல்லப் போறீங்க?" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. இரண்டு மூன்று நிமிடம் பேச்சே வரவில்லை. அவர் பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு, "இது நான் படிச்ச படிப்புக்குள்ள வர்ற விஷயம் இல்லைங்க. ஒரு சைக்காலஜிஸ்ட்டைப் பாருங்க" என்று சொல்லி, மீதி ஒரு அமர்வின் பணத்தைத் திருப்பி அனுப்பினார். தன் எல்லை தெரிந்த கோச் கிடைத்தது என் நல்ல நேரம்.

கவுன்சிலிங்கின் போக்கே வேறு. சின்ன அறை, 45 நிமிடம், 1,200 ரூபாய். வீட்டுப்பாடமும் இல்லை, திட்டமும் இல்லை. முதல் மூன்று வாரம் 'பணத்தை வீணாக்குகிறோமோ' என்றுகூடத் தோன்றியது. நாலாவது வாரம், எனக்குப் பதினாறு வயதில் அப்பாவின் மளிகைக் கடை மூடப்பட்டதைப் பற்றிப் பேச்சு வந்தது. ஷட்டரை இறக்கிவிட்டு, சாவியை என் கையில் கொடுத்து, "நீயாவது மாசச் சம்பளத்துக்குப் போயிரு" என்று அவர் சொன்னது, அந்தச் சாவியில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கு உட்பட ஞாபகம் வந்தது. அதற்கு முன் அதை யாரிடமும் சொன்னதில்லை. வேலையை விடுவதற்கான பயம் எங்கிருந்து வருகிறது என்று அன்றுதான் பார்த்தேன். கோச்சின் கேள்விகள் எதுவும் அந்த இடத்தைத் தொட்டிருக்காது, தொடவும் கூடாது.

மூன்றாவது, விபாசனா. பத்து நாள் யாரோடும் பேசாமல் இருந்து செய்யும் தியான முகாம், கோயங்கா என்ற ஆசிரியர் பரப்பிய முறை. சென்னையில் திருநீர்மலைப் பக்கம் மையம் இருக்கிறது. கட்டணம் கிடையாது, முகாமை முடித்தவர்கள் விரும்பினால் நன்கொடை தரலாம். காலை நான்கு மணிக்கு மணி அடிக்கும். ஒரு நாளைக்குச் சுமார் பத்து மணி நேரம் உட்கார வேண்டும். போன், புத்தகம், பேனா எதற்கும் அனுமதி இல்லை. முதல் மூன்று நாள் மூச்சை மட்டும் கவனிப்பது, அதன் பிறகு உடல் முழுக்க எழும் சூடு, அரிப்பு, வலி போன்ற உணர்வுகளைப் பார்ப்பது. என் கேள்விக்கு அங்கே யாரும் பதில் தரவில்லை, தருவதாகச் சொல்லவும் இல்லை. ஆனால் பதற்றம் வரும்போது ஓடாமல் உட்கார்ந்திருக்க முடியும் என்று உடம்பு கற்றுக்கொண்டது. மனநோய்க்குச் சிகிச்சை எடுப்பவர்கள் விண்ணப்பத்தில் அதை மறைக்காமல் எழுத வேண்டும். இது சம்பிரதாயத்துக்காகக் கேட்பது இல்லை, உங்கள் பாதுகாப்புக்காக.

எதை முதலில் எடுப்பது? என் தீர்ப்பு இதுதான். என்ன வேண்டும் என்று தெரிந்தும் கால் நகரவில்லை என்றால் கோச். நினைத்தாலே நெஞ்சு அடைக்கிறது, தூக்கம் போகிறது என்றால் நேராகக் கவுன்சிலர். அந்த நிலையில் கோச்சிடம் போவது காசுக்கும் கேடு, மனசுக்கும் கேடு. தாங்கவே முடியாத நிலை என்றால் எதற்கும் காத்திருக்காமல் 14416-க்குக் கூப்பிடுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலும் பேசலாம். விபாசனாவை மற்ற இரண்டுக்கும் பதிலாக வைக்காதீர்கள். கூடவே வைத்துக்கொள்ளலாம்.

நான் இன்னும் அதே மில்லில்தான் இருக்கிறேன். சனி, ஞாயிறு பதினொரு பிள்ளைகள் வருகிறார்கள். உண்மையாக வாழ்வது என்றால் ராஜினாமாக் கடிதம்தான் என்று விளம்பரங்கள் காட்டுவதை நம்பி அவசரப்பட்டவர்களை எனக்குத் தெரியும். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஆளைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நம் நாட்டில் கோச் என்று பலகை மாட்ட அரசு உரிமம் எதுவும் தேவையில்லை. 1995-இல் தொடங்கிய இன்டர்நேஷனல் கோச்சிங் ஃபெடரேஷன் என்ற தனியார் சங்கம் சான்று தருகிறது. அதன் முதல் படியான ஏசிசி-க்கே குறைந்தது 60 மணி நேரப் பயிற்சியும் 100 மணி நேர அனுபவமும் வேண்டும். அடுத்த படியான பிசிசி-க்கு 125, 500. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்கும், தயங்காமல் கேளுங்கள். வெறுமனே 'கவுன்சிலர்' என்று போட்டிருந்தால் என்ன படித்தார், எங்கே பயிற்சி எடுத்தார் என்று விசாரியுங்கள்.

கோச்சிடம் முதல் இலவச அழைப்பில் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை மணி நேரம் பயிற்சி எடுத்தீர்கள்? பாதியில் நிறுத்தினால் மீதிப் பணம் திரும்ப வருமா? யாரையாவது "என்னால் முடியாது, வேறு ஆளைப் பாருங்கள்" என்று அனுப்பியிருக்கிறீர்களா? மூன்றாவதற்கு, "என்னிடம் வந்த எல்லாரையும் மாற்றியிருக்கிறேன்" என்று பதில் வந்தால், நன்றி சொல்லிவிட்டு போனை வைத்துவிடுங்கள்.