குடல் அடைப்போடு வாழ்பவர்களுக்கு ஒரு சாப்பாட்டு இடம்: தேக்கா உணவங்காடி

வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்து, அதன் தழும்பால் குடல் அவ்வப்போது அடைத்துக்கொள்ளும் தொல்லை உள்ளவர்களுக்காக இதை எழுதுகிறேன். சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்கா நிலையத்தின் உணவங்காடியைப் பற்றி இணையத்தில் விமர்சனங்களுக்குப் பஞ்சமே இல்லை. எந்தப் பிரியாணிக்கு வரிசையில் நிற்கலாம், எந்தக் கடைப் பரோட்டா மொறுமொறுவென்று இருக்கும் என்றெல்லாம் விவரமாக எழுதியிருப்பார்கள். சட்னியைத் தனியாக வைத்துக் கொடுப்பார்களா, சூப்பை வடிகட்டித் தரச் சொன்னால் முகம் சுளிப்பார்களா, ஒரே ஒரு இட்லி கேட்டால் கொடுப்பார்களா என்று யாரும் எழுதவில்லை. எனக்குத் தெரியவேண்டியது அதுதான்.

எனக்குக் குடல்வால் வெடித்து, நடு வயிற்றைக் கீறிக் கழுவித் தைத்தார்கள். புண் நன்றாகவே ஆறியது. முதல் அடைப்பு வந்தது சில வருடங்கள் கழித்து. வயிற்றைத் திறந்தவர்களில் பெரும்பாலோருக்கு உள்ளே தழும்புத் திசு வளர்ந்து குடலின் ஒரு வளைவை இன்னொரு வளைவோடும், வயிற்றுச் சுவரோடும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. கஞ்சி போட்ட வேட்டி மடிப்பு மடிப்பாக ஒட்டிக்கொள்ளுமே, அப்படி. பலருக்கு அதனால் ஆயுள் முழுக்க ஒரு தொந்தரவும் வராது. என்னைப் போன்றவர்களுக்கு ஏறக்குறைய ஆறு மீட்டர் நீளமுள்ள சிறுகுடல் எங்கோ ஓரிடத்தில் மடங்கிக் குறுகிவிடுகிறது. சிங்கப்பூர் போன்ற நாடுகளில் சிறுகுடல் அடைப்புக்கு முதல் காரணமே இந்த ஒட்டுத்தான். "வெட்டிப் பிரித்துவிட முடியாதா, டாக்டர்?" என்று கேட்டேன். மறுபடி திறந்தால் மறுபடியும் தழும்பு விழும், வேறு வழியே இல்லை என்றால்தான் கத்தி என்றார்.

அடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவர்களுக்கு மீதியைச் சொல்லவேண்டியதில்லை. வாய்வழியாக ஒன்றும் கிடையாது, கையில் டிரிப், மூக்கு வழியாக வயிற்றுக்குள் குழாய். அப்புறம் காஸ்ட்ரோகிராஃபின் என்கிற, எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தை உள்ளே அனுப்பி எக்ஸ்ரே எடுப்பார்கள். அது 24 மணி நேரத்துக்குள் பெருங்குடலை எட்டிவிட்டால் கத்தி இல்லாமல் சரியாவதற்கு நல்ல வாய்ப்பு என்று பொருள். முதல் முறை காற்றுப் பிரிந்தபோது, பக்கத்தில் நின்ற தாதியின் முகத்தில் என்னைவிட அதிகச் சந்தோஷம். அந்தப் பெண்ணை நான் மறக்கவேமாட்டேன்.

வீட்டுக்கு வரும்போது ஒரு தாள் கொடுத்தார்கள். நார் குறைவாக, நன்றாக வெந்ததாக, கொஞ்சம் கொஞ்சமாக, மென்று மென்று சாப்பிடுங்கள். காளான், சோளம், கொட்டைகள், உலர்ந்த பழங்கள், ஆரஞ்சுச் சுளையின் வெள்ளைத் தோல் வேண்டாம். எல்லாம் நல்ல ஆலோசனைதான். ஆனால் ரொட்டியும் உருளைக்கிழங்கும் சாப்பிடுகிறவர்களை நினைத்து எழுதிய தாள் அது. முருங்கைக்காயைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. தேங்காய்த் துருவல், வாழைத்தண்டு, பலாச்சுளை, மசால்வடை எதுவும் இல்லை. இதையெல்லாம் நானேதான் ஒவ்வொன்றாக யோசித்துச் சேர்த்துக்கொண்டேன். சாப்பாடு ஒட்டைக் கரைக்காது. எவ்வளவு கவனமாக இருந்தாலும் குடல் தானாகவே மடங்கிக்கொள்வதும் உண்டு. குறுகிய இடத்தில் நார்க்கட்டி போய் உட்காராமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

இந்தக் கவலையால் நான் வெளியே சாப்பிடுவதையே விட்டிருந்தேன். கடைத்தொகுதி உணவுக்கூடங்களில் எல்லாம் ஏற்கெனவே கலந்து, குழம்பு ஊற்றி, மேலே தூவி வைத்திருப்பார்கள். கவுண்டரில் நிற்கிற பிள்ளைக்கு அதில் என்ன இருக்கிறதென்றே தெரியாது. தேக்காவில் அப்படி இல்லை. சமைக்கிறவர் நம் கண் முன்னால் நிற்கிறார், தமிழ் பேசுகிறார். அவரிடம் "வயித்துல ஆப்பரேஷன் பண்ணியிருக்கு, தம்பி, நார் ஆகாது" என்று சொல்லலாம். பெரும்பாலும் அந்த ஒரு வாக்கியமே போதும்.

முதலில் ஆப்பம். என் கணக்கில் இந்த உணவங்காடியின் மிகப் பெரிய வரம் இதுதான். நான் வழக்கமாகப் போகும் கடையில் ஒரு பெண் நாலைந்து ஆப்பச்சட்டிகளை வரிசையாக வைத்துச் சுடுகிறார். ஒரு கரண்டி மாவை விட்டு, சட்டியைக் கையில் எடுத்து ஒரு சுற்றுச் சுற்றுவார். மாவு ஓரத்தில் மெல்லிய வலைபோல ஏறி, மீதி நடுவில் இறங்கிக் குளமாக நிற்கும். மூடி போட்டு, ஓரம் பொன்னிறம் பிடிக்க ஆரம்பிக்கும்போது எடுப்பார். எனக்கு மட்டும் அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே எடுத்துவிடுவார். நடுப்பகுதி பஞ்சாக, நாக்கில் வைத்தாலே கரைகிற மாதிரி இருக்கும். அதன் மேல் தேங்காய்ப்பால். துருவல் கூடாது, பால் ஆகும். இந்த வித்தியாசத்தை நான் ஒரு தடவை சொன்னேன், அப்புறம் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. "அக்காவுக்குப் பால் மட்டும்" என்று அவரே உள்ளே குரல் கொடுக்கிறார். மொறுமொறு ஓரத்தை என் வீட்டுக்காரர் பிய்த்துத் தின்பார்.

ஆட்டு சூப் இரண்டாவது. சூப் கடை பாயிடம் தயங்கித் தயங்கித்தான் வடிகட்டித் தரச் சொன்னேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. டீ வடிகட்டியைக் கிண்ணத்தின் மேல் வைத்து ஊற்றினார். வடிகட்டியில் மல்லித்தழை, வெங்காயத் தோல், சோம்பு, ஒரு துண்டுப் பட்டை எல்லாம் தங்கிவிட்டன. கிண்ணத்தில் தெளிந்த மஞ்சள் சாறு, மேலே மெல்லிய எண்ணெய். மிளகுக் காரம் தொண்டையில் இறங்கும்போது உடம்பே விழித்துக்கொள்கிறது. கறித்துண்டை எடுத்துத் தனித்தட்டில் வைத்தார். எலும்பை விட்டு உதிர்கிற அளவுக்கு வெந்திருந்தால் நான் அதையும் சாப்பிடுவேன், நகம் அளவுக்குப் பிய்த்துப் பிய்த்து. இழை இழையாக இழுபட்டால் தொடமாட்டேன். சூப்போடு தரும் ரொட்டித் துண்டுகளை ஊறவைத்துச் சாப்பிடலாம். ஊறாத ரொட்டி எனக்கு ஒத்துக்கொள்வதில்லை.

இட்லியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. நம்மைப் போன்றவர்களுக்கு அது எப்போதும் பாதுகாப்பு. சாம்பாரில்தான் கவனம் வேண்டும். முருங்கைக்காய் சாம்பார் என்றால், காயை ஒதுக்கினால் போதும் என்று நினைக்காதீர்கள். கொதிக்கும்போது பிரிந்த நார் குழம்பிலேயே கலந்திருக்கும். ஒரு கடையில் சாம்பார் வாளியைக் கிளறி, காய் படாமல் மேலாக மொண்டு தந்தார்கள். அதிலும் மெல்லிய வெள்ளை நார் இருந்தது. ஆகவே நான் ரசத்துக்கு மாறிக்கொண்டேன். கடுகையும் கறிவேப்பிலையையும் ஒதுக்கிவிடுகிறேன். சில கடைகளில் தட்டை எடுத்த வேகத்தில் மூன்று சட்னியையும் இட்லியின் தலையில் ஊற்றிவிடுவார்கள். பணம் கொடுப்பதற்கு முன்னாலேயே "சட்னி வேண்டாம்" என்று சத்தமாகச் சொல்லுங்கள், கூச்சப்படாமல்.

பிரியாணி சாப்பிட முடியுமா என்று என்னிடம் கேட்கிறவர்கள் உண்டு. நான் சாப்பிடுகிறேன். அரைத் தட்டு, கோழி, சோறு நன்றாக வெந்த கடையாகப் பார்த்து. பக்கத்தில் வைக்கும் வெள்ளரி, அன்னாசி ஊறுகாயைத் தொடுவதே இல்லை. அன்னாசியின் நார் நம் எதிரி. முந்திரி, திராட்சை கிடந்தால் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். அடைப்பிலிருந்து மீண்டு வந்த முதல் சில வாரங்களில் பிரியாணிப் பக்கமே போகாதீர்கள். குடல் அப்போது இன்னும் முழுதாகத் தேறியிருக்காது.

சீனர் கடைகளையும் விட்டுவிடாதீர்கள். மீன் சூப் இருந்தால் அது நமக்கென்றே செய்த மாதிரி. இறால் மீ (இறால் நூடுல்ஸ்) கடையில் பீஹூன் என்கிற மெல்லிய அரிசி நூடுல்ஸ் கேட்டு, "தா மாவ் தவ்கே, தா மாவ் கங்கோங்" என்றால் புரிந்துகொள்வார்கள். முளைப்பயறும் வேண்டாம், கங்கோங் கீரையும் வேண்டாம் என்று மலாயில் சொல்வது அது. தவ்கேயின் வாலும் கங்கோங்கின் தண்டும் எவ்வளவு மென்றாலும் நூலாகத்தான் இறங்கும். பீஹூனைக் கரண்டியாலேயே சின்னச் சின்னதாக வெட்டிக்கொள்கிறேன். பார்க்க நன்றாக இருக்காது, இருக்கட்டும்.

பழக்கடையில் பப்பாளி, விதையில்லாத தர்ப்பூசணி. கொய்யா, பலா, அன்னாசி கிடையாது. தக்காளி மாதிரி இருக்கும் பெர்சிமன் பழத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்லவேண்டும். சீனப் பெருநாளுக்கு முன்னால் கடைகளில் குவிந்திருக்கும், பார்க்க ஆசையாக இருக்கும். அது வயிற்றுக்குள் போய்க் கெட்டியாகத் திரண்டு கட்டியாகிவிடக் கூடியது என்பது மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்தவர்கள் வாங்கவே கூடாது. குடிப்பதற்கு தே ஹாலியா, அதாவது இஞ்சி டீ, சூடாக. இஞ்சித் துண்டு இல்லாமல் வடிகட்டித்தான் தருவார்கள். காற்றடைத்த பானங்களை நான் குடிப்பதில்லை. உப்புசம் வந்தால் அது வெறும் காற்றா, அடைப்பின் தொடக்கமா என்று பிரித்துச் சொல்ல முடியாமல் இரவெல்லாம் பயப்பட வேண்டியிருக்கும்.

அந்தப் பயத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இங்கே சாப்பிட்டதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை, எங்கே இருந்தாலும் இது பொருந்தும். வலி அலை அலையாக வருகிறது, வயிறு கல்லாக உப்புகிறது, காற்றும் பிரியவில்லை, பச்சையாக வாந்தி வருகிறது என்றால் சோடா, சீரகத் தண்ணீர், பேதி மாத்திரை என்று எதையும் உள்ளே போடாதீர்கள். அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். விட்டு விட்டு வந்த வலி நிற்காமல் குத்த ஆரம்பித்தாலோ காய்ச்சல் சேர்ந்தாலோ உடனே ஆம்புலன்ஸுக்கு 995. குடலுக்கு இரத்த ஓட்டம் நின்றுபோனால் சில மணி நேரம்தான் அவகாசம். ஆஸ்பத்திரித் தாளின் படம் ஒன்று என் கைபேசியில் எப்போதும் இருக்கிறது, எந்த வருடம் என்ன அறுவை சிகிச்சை என்ற விவரத்தோடு. வலியில் பேச முடியாதபோது அதைக் காட்டினால் போதும்.

சரி, எப்போது போவது? லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தில் சி வாசல் வழியாக ஏறினால் பஃபலோ ரோடு, அங்கிருந்து நடக்கிற தூரம்தான். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். விடுமுறை நாளில் நம் ஊர்த் தொழிலாளர்கள் எல்லாரும் வந்து ஆற அமர உட்காரும் நாள் அது, அவர்களுக்கு அந்த இடம் வேண்டும். நமக்கோ ஒரு கிண்ணத்துக்கு முக்கால் மணி நேரம் பிடிக்கும். தட்டை ஏந்திக்கொண்டு யாராவது தலைமாட்டில் நின்றால் அவசரத்தில் மெல்லாமல் விழுங்கிவிடுவோம். வாரநாளில் காலை பத்தரை, அல்லது மதியக் கூட்டம் கலைந்த பிறகு மூன்று மணி. அந்த நேரத்தில் கடைக்காரர்களுக்கும் நம் பேச்சைக் கேட்கப் பொறுமை இருக்கும். மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்துக்கொள்ளுங்கள், வெக்கை அதிகம். சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்தவர்கள் கூட ஒருவரை அழைத்துப் போவது நல்லது. சாப்பிட்டதும் தட்டைக் கொண்டுபோய் அதற்குரிய இடத்தில் வைக்கவேண்டும், தையல் ஆறாத வயிற்றோடு கனம் தூக்கக் கூடாது.

வரும் வழியில் பக்கத்திலேயே ஈரச்சந்தை. திங்கட்கிழமை பல கடைகள் மூடியிருக்கும், மற்ற நாளில் போங்கள். குராவ் மீன் கேட்டு வாங்குங்கள். நாம் காலா என்போமே, அதேதான். இங்கே கைக்குழந்தைக் கஞ்சிக்குக்கூட அதைத்தான் போடுவார்கள். தோல், முள் எடுத்துத் துண்டு போட்டுத் தரச் சொன்னால் செய்து தருகிறார்கள். அதோடு ஒரு பிஞ்சுச் சுரைக்காய். தோலும் விதையும் நீக்கி, மீனோடு சேர்த்துக் கஞ்சியில் குழைய வேகவிட்டு, உப்பும் கொஞ்சம் மிளகும் போட்டால் அன்றைய இரவுச் சாப்பாடு முடிந்தது. ஒரு காய் இரண்டு வேளைக்கு வரும்.