தினமும் 50 கிலோமீட்டர்: ஸ்கூட்டரா, கியர் பைக்கா?

பெருங்களத்தூரில் வீடு, அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. பைபாஸில் போக 25, வர 25. நான்கு வருடம் 110 சிசி ஸ்கூட்டரில் போனேன். போன வருடம் ஸ்பிளெண்டர் வாங்கினேன். அதனால் பைக் பக்கம்தான் சாய்வேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மைலேஜ் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஸ்கூட்டர் எனக்கு 45 கொடுத்தது, பைக் 60க்குக் குறையாமல் கொடுக்கிறது. மாதம் 1,250 கிலோமீட்டருக்கு ஏழு லிட்டர் மிச்சம். அதைவிட, பங்க் வரிசையில் நிற்பது குறைந்ததில்தான் எனக்கு நிம்மதி. ஸ்கூட்டர் டேங்க் ஐந்து லிட்டர் சொச்சம், ஸ்பிளெண்டரில் 9.8 லிட்டர். பைக்கின் சக்கரமும் பெரிது, 18 அங்குலம். மழைக்குப் பிறகு சர்வீஸ் ரோட்டுப் பள்ளங்களில் இறங்கி ஏறும்போது இடுப்புக்குத் தெரியும் வித்தியாசம்.

ஆனால் நான் மாறியதற்குக் காரணம் இது எதுவும் இல்லை. பெல்ட்.

ஸ்கூட்டரில் இன்ஜின் சுழற்சியைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோவது ஒரு ரப்பர் பெல்ட். இடது பக்க மூடிக்குள் இருக்கும், வெளியே தெரியாது. முதல் பெல்ட்டை 24,000 கிலோமீட்டரில் சர்வீஸிலேயே மாற்றிவிட்டார்கள். இரண்டாவதை அதன் பிறகு 28,000 கிலோமீட்டர் வரை இழுத்தடித்தது நான். வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது என்ற நினைப்பு. ஒரு நாள் காலை எட்டு மணிக்கு, மதுரவாயல் மேம்பாலம் தாண்டியதும் பின்னால் ‘டப்’ என்று ஒரு சத்தம். இன்ஜின் ஓடுகிறது, ஆக்சிலரேட்டர் முறுக்கினால் உறுமுகிறது, சக்கரம் மட்டும் நகரவில்லை. முகம் தெரியாத ஒரு தம்பி தன் பைக்கிலிருந்து இடது காலை நீட்டி, என் வண்டியை நொளம்பூர் வரை தள்ளிக்கொண்டே வந்துவிட்டார். அங்கே பஞ்சர் கடைக்காரர் பார்த்ததுமே, “பெல்ட்டா சார்? ஸ்பேர் கடை திறக்கணும், பத்து மணி ஆகும்” என்றார். பெல்ட்டோடு சேர்ந்து தேயும் ரோலரையும் மாற்றி, கூலியோடு 1,700 ரூபாய். அரை நாள் லீவு.

பைக் செயினுக்கும், அது ஓடும் பல் சக்கரமான ஸ்பிராக்கெட்டுக்கும் காலம் வந்தால் ஏறக்குறைய அதே செலவுதான், பணத்தில் பெரிய லாபம் இல்லை. ஆனால் செயின் வாரக்கணக்கில் முன்னாடியே சொல்லும். லூஸானால் ஸ்பீட் பிரேக்கரில் கவரில் அடித்துக் கடகடவென்று சத்தம் வரும். ஆக்சிலரேட்டரை விட்டுப் பிடித்தால் ஒரு வெட்டு வெட்டும். சனிக்கிழமை சாயங்காலம் மெயின் ஸ்டாண்ட் போட்டு, செயின் கவரில் இருக்கும் ரப்பர் மூடியைப் பிடுங்கி, விரலால் செயினைத் தூக்கிப் பார்ப்பேன். முக்கால் அங்குலத்திலிருந்து ஒரு அங்குலம் ஆடினால் சரி. சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி நாலு இடத்தில் பார்க்க வேண்டும், ஏனென்றால் செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது. அப்புறம் கொஞ்சம் ஆயில். மழையில் நனைந்த வாரம் இதைத் தள்ளிப்போடக் கூடாது. எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம், விரலெல்லாம் கறுப்பு. அதற்கும் சோம்பல் என்றால் எந்தப் பஞ்சர் கடையிலும் டைட் வைத்துத் தருவார்கள்.

ஸ்கூட்டர் ஜெயிக்கும் இடங்களும் உண்டு. தாம்பரம் நெரிசலில் கிளட்ச்சைப் பிடித்து விட்டு, பிடித்து விட்டு இடது மணிக்கட்டு வலிப்பது எனக்குப் புது அனுபவம். சாப்பாட்டுப் பை, ரெயின்கோட் இரண்டும் டிக்கிக்குள் போய்விடும் என்ற சுகமும் போச்சு. ஒரு நாளைக்குப் பத்துக் கிலோமீட்டருக்குள் ஓட்டுகிறவர் என்னிடம் கேட்டால், யோசிக்காமல் ஸ்கூட்டர் என்றுதான் சொல்வேன். அவருக்குப் பெல்ட் ஆறேழு வருடம் வரும்.

எலெக்ட்ரிக்கை ஏன் விட்டுவிட்டாய் என்று கேட்பீர்கள். நண்பருடையதை இரண்டு நாள் ஓட்டினேன், பிக்கப் அருமை, சத்தமே இல்லை. ஆனால் எங்கள் அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் பிளக் பாயிண்ட் கிடையாது. ஐந்து வருடம் கழித்து அதன் பேட்டரி எப்படி இருக்கும் என்பதை, அவ்வளவு நாள் ஓட்டியவர்தான் சொல்ல வேண்டும். இரண்டு நாள் ஓட்டத்தை வைத்து நான் தீர்ப்புச் சொல்வது சரியில்லை.

பழைய ஸ்கூட்டரை விற்கவில்லை. மனைவி வேலைக்குப் போக மூன்று கிலோமீட்டர், அரிசி மூட்டை, தண்ணி கேன் எல்லாம் அதில்தான். அடுத்த பெல்ட் எத்தனையாவது கிலோமீட்டரில் மாற்ற வேண்டும் என்று ஒரு காகிதத்தில் எழுதி சீட்டுக்கு அடியில் ஒட்டி வைத்திருக்கிறேன். பெட்ரோல் போட சீட்டைத் தூக்கும்போதெல்லாம் அவள் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்ப்பாள்.