தீவு வீட்டில் டீஹியூமிடிஃபையர்: வருடக்கணக்கில் ஓட்டிய பிறகு

வெப்பமண்டலத் தீவுக்குக் குடும்பத்தோடு குடிபோகிறவர்கள் எல்லோரும் ஏசியைப் பற்றி விசாரிக்கிறார்கள். காற்றின் ஈரத்தை உறிஞ்சும் டீஹியூமிடிஃபையரைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் இதை முதலில் வாங்கச் சொல்வேன்.

காரணம் உப்பு. கடற்காற்றோடு வரும் நுண்ணிய உப்புத்துகள் கீல், பூட்டு, ஃபேன், சர்க்யூட் போர்டு என்று எல்லாவற்றின் மேலும் படிகிறது. ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைடு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும். அப்புறம் இரும்பின் மேல் உப்புத்தண்ணீர்ப் படலம் நின்றுகொண்டே இருக்கும். துரு பிடிப்பது அதனால்தான். கடலுப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் 75க்குக் கீழேயும் கொஞ்சம் ஈரம் ஒட்டும். பூஞ்சையும் 70க்கு மேல் தொடர்ந்து நின்றால் தோல் செருப்பு, பெல்ட், புத்தகம், கேமரா லென்ஸ் என்று ஏறிவிடும். ஆகவே வீட்டுக்குள் 55 முதல் 60 வரை வைத்திருந்தால் துரு, பூஞ்சை இரண்டுமே அடங்கும். 50க்குக் கீழே இறக்குவது மின்சாரச் செலவுதான்.

வாங்கும்போது லிட்டர் கணக்கைப் பார்த்து ஏமாற வேண்டாம். '20 லிட்டர்' என்று அட்டையில் போட்டிருப்பது பெரும்பாலும் 30 டிகிரி, 80 சதவீத ஈரப்பதத்தில் ஒரு நாளில் எடுக்கும் அளவு. அறை 60 சதவீதத்துக்கு வந்தபின் அதே கருவி கிட்டத்தட்டப் பாதிதான் எடுக்கும். இரண்டு படுக்கையறை வீட்டுக்கு 20 லிட்டர் வகைக்குக் குறைந்து போதாது. இந்த வெப்பத்துக்கு, குளிர்ந்த காயிலில் ஈரத்தைத் தண்ணீராக்கும் கம்ப்ரஸர் வகையே சரி. ஈரம் உறிஞ்சும் பொருளைச் சூடாக்கி உலர்த்தி வேலை செய்யும் டெசிகன்ட் வகை குளிர்ப் பிரதேசத்துக்கு நல்லது, இங்கே மின்சாரத்தைக் கூடுதலாகத் தின்று அறையையும் சூடாக்கும். கம்ப்ரஸர் வகை சுமார் 300 வாட் இழுக்கும் என்று வைத்தால், 8 மணி நேரத்துக்கு 2.4 யூனிட்.

சூடு இதிலும் உண்டு. ஒரு லிட்டர் நீராவி தண்ணீராகும்போது சுமார் 0.68 யூனிட் அளவு வெப்பத்தை அறைக்குள்ளேயே விடுகிறது. கம்ப்ரஸரின் சூடு அதோடு சேரும். மூடிய அறை இரண்டு மூன்று டிகிரி ஏறிவிடும். பிள்ளைகள் பள்ளிக்கும் பெரியவர்கள் வேலைக்கும் போயிருக்கும் நேரத்தில், ஜன்னல்களை அடைத்து, அலமாரிக் கதவுகளைத் திறந்துவைத்து ஓட்டுவதே வசதி. ஜன்னலைத் திறந்துவைத்து ஓட்டினால் கடற்காற்று முழுவதையும் உலர்த்தப் பார்க்கிற வேலைதான்.

வீட்டுக்குள் ஈரம் அதிகம் சேர்வது துணியால். 5 கிலோ சலவை, மெஷினில் பிழிந்த பிறகும் இரண்டு மூன்று லிட்டர் தண்ணீரைச் சுமந்திருக்கும். மழை நாளில் யூனிஃபார்மை ஹாலில் உலர்த்தினால் அத்தனையும் சுவருக்கும் மெத்தைக்கும்தான் போகும். ஒரே சின்ன அறையில் கொடி கட்டி, கருவியையும் ஒரு ஃபேனையும் அங்கேயே வைத்துக் கதவைச் சாத்திவிட வேண்டும். துணியில் நாற்றம் வராமல் இருக்க இதைவிட நல்ல வழியை நான் பார்க்கவில்லை. கேஸ் அடுப்பும் நீராவி விடும் என்பதால், சமைக்கும்போது எக்ஸாஸ்ட் ஓடட்டும். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியை ஒரு சாண் நகர்த்திவைத்தால் பின்பக்கம் ஓதம் ஏறுவது குறையும்.

ஏசி இருந்தால் 26, 27க்குக் கீழே இறக்காதீர்கள். வெளியே 30 டிகிரி, 80 சதவீதம் என்றால் அந்தக் காற்றின் பனிநிலை, அதாவது அதன் ஈரம் தண்ணீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, சுமார் 26 டிகிரி. 22ல் குளிர்ந்த அறைக் கதவைத் திறந்ததும் அலமாரி, கண்ணாடி, சுவர் எல்லாம் வேர்த்துப்போகும். பூஞ்சைக்கு அந்த ஈரமே போதும்.

ஈரப்பதமானி இல்லாமல் இதை ஓட்டுவது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது போல. மலிவானதே போதும், சரிபார்த்துக்கொண்டால். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, ஈரமணல் பதத்துக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மீட்டரோடு காற்றுப் புகாத டப்பாவில் அடைத்துவிடுங்கள். 12 மணி நேரம் கழித்து 75 காட்ட வேண்டும். 70 காட்டினால், அந்த மீட்டரின் அளவோடு எப்போதும் 5 கூட்டிக்கொள்ளலாம்.

கெட்டுப்போவது எங்கே என்றால், முதலில் ஃபில்டர். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவாவிட்டால் காற்றோட்டம் குறைந்து காயிலில் பனிக்கட்டி பிடிக்கும். வெப்பநாட்டு அறையில் பனிக்கட்டி தென்படவே கூடாது. ஃபில்டர் சுத்தமாக இருந்தும் பிடித்தால் ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது, அல்லது கருவிக்குள் இருக்கும் குளிரூட்டும் கேஸ் கசிகிறது. கசிவுக்கும் பெரும்பாலும் உப்புதான் காரணம். அலுமினியத் தகடுகளைப் பொடியாக்கி, குழாயில் ஊசித்துளை போட்டுவிடும். கடலைப் பார்த்த ஜன்னலருகே கருவியை வைக்கக் கூடாது. தகடுகளை அவ்வப்போது பிளக்கைக் கழற்றி மென்மையான பிரஷ்ஷால் துடைக்கலாம். வினிகர் வேண்டாம், அலுமினியத்தை அரிக்கும்.

அடுத்தது தொட்டி மிதவை. வழுவழுப்பு படிந்து மிதவை ஒட்டிக்கொண்டால் தொட்டி நிறைந்தும் கருவி நிற்காது, தரையெல்லாம் தண்ணீர். தொட்டியையும் மிதவையையும் சோப்புப் போட்டுக் கழுவினால் தீர்ந்தது. அந்தத் தண்ணீர் குடிக்க ஆகாது, தரை துடைக்கலாம்.

மின்சாரம் அடிக்கடி போகும் தீவுகளில் ஸ்டெபிலைசர் அவசியம். நின்ற கம்ப்ரஸரை மூன்று நிமிடமாவது கழித்தே மறுபடி போட வேண்டும். வீடு மாற்றும்போது படுக்கவைத்து ஏற்றியிருந்தால், நிமிர்த்தி சில மணி நேரம் விட்ட பிறகே ஓட்டலாம்.

பாஸ்போர்ட், சான்றிதழ், நகைப்பெட்டிக்கு இவ்வளவு தேவையில்லை. இறுக்கமான டப்பாவும் சிலிகா ஜெல்லும் போதும். ஆரஞ்சு மணிகள் பச்சையானதும் 120 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் காயவைத்தால் மறுபடி உதவும். ஈரம் உறிஞ்சும் கால்சியம் குளோரைடு டப்பாக்களை மட்டும் குழந்தைகள் உள்ள வீட்டில் தவிர்ப்பேன். அடியில் சேரும் திரவம் கவிழ்ந்தால் தோலை எரிக்கும், உலோகத்தை அரிக்கும்.

விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது தொட்டியை நம்பி ஓட்டிவிட்டுப் போகக் கூடாது. ஒரே நாளில் நிறைந்து நின்றுவிடும். ஹோஸை மாட்டி, வழியில் எங்கும் மேலேறாமல் சரிவாகக் குளியலறை வடிகாலில் விடுங்கள். திருகு ஸ்விட்ச் வைத்த மாடல் கரன்ட் வந்ததும் தானாக ஓடும். டிஜிட்டல் மாடல்களில் பல அப்படியே நின்றுவிடும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே மெயினை அணைத்துப் போட்டுச் சோதித்துவிடுங்கள்.