குமுளிக்குப் போனால் படகோடு திரும்பிவிடாதீர்கள்

கம்பம், உத்தமபாளையம் பக்கம் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் கேரள எல்லையில் மலைமேல் இருக்கிற குமுளிதான். காலையில் லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறி, தேக்கடியில் படகு, வரும்போது நேந்திரங்காய் சிப்ஸ், சாயங்காலம் வீடு. படகைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கி, ஒன்றரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து, தூரத்தில் தெரிவது யானையா பாறையா என்று கேட்டுக்கொண்டே இறங்கினால் பிள்ளைகளுக்கு மனதில் என்ன நிற்கும்? அதே ஊரில் கையை வைத்துச் செய்யவும், அசதி தீரக் கிடக்கவும் நல்ல விஷயங்கள் இருக்கின்றன. பொங்கல் லீவுக்குச் சென்னையிலிருந்து வந்த சித்தி குடும்பத்தோடு இந்த முறை குமுளியிலேயே தங்கி அதைத்தான் செய்தோம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது தோட்டம். மூணாறு போகிற சாலையில் வரிசையாக ஸ்பைஸ் கார்டன் போர்டுகள். முதலில் நுழைந்த ஒன்றில் ஒருவர் செடி பெயர்களை ஒப்பித்துக்கொண்டே முன்னால் ஓட, பின்னால் நாங்கள் ஓட, கொஞ்ச நேரத்தில் முடி எண்ணெய் விற்கிற கவுண்டர் முன்னால் நின்றோம். அடுத்த இடத்தில் டிக்கெட் வாங்குவதற்கு முன்பே "காய் பறிக்க விடுவீங்களா?" என்று கேட்டேன். வீட்டுக்காரர்களே நடத்துகிற சின்னத் தோட்டம் அது, பெரிய போர்டுகூட இல்லை. அந்தச் சேச்சி சிரித்துவிட்டு, "பறிங்க, வேலைதான் கிடக்கு" என்றார்.

ஏலக்காய் மரத்தில் மேலே தொங்கும் என்றுதான் சித்தி பிள்ளைகள் நினைத்திருந்தார்கள். தழை ஆள் உயரத்துக்கு மேலே போகும், காய் பிடிப்பதோ தூரில் தரையை ஒட்டிப் படர்கிற சரத்தில். குத்துக்காலிட்டு உட்கார்ந்தால்தான் கை எட்டும். கம்பம் பக்கத்துக் கூடலூரிலிருந்து தினமும் ஜீப்பில் ஏறி வருகிற ஒரு அக்கா, "தம்பி, சரத்தோட இழுக்காத, விளைஞ்ச காய மட்டும் கிள்ளு, பிஞ்சு அடுத்த எடுப்புக்கு வேணும்" என்று சொல்லிக் கொடுத்தார். கொஞ்ச நேரத்திலேயே சித்தப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார், அந்த அக்கா நாள் முழுக்க அப்படித்தான் உட்கார்ந்திருப்பார். பறித்ததை ஸ்டோர் என்று சொல்கிற உலர்த்தும் கூடத்தில் போட்டு உலர்த்தினால் சுமார் அஞ்சு கிலோ பச்சைக் காய்க்கு ஒரு கிலோதான் தேறும். விலை ஏன் அப்படி என்று யாரும் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

ஜனவரி என்பதால் மிளகும் பறித்துக்கொண்டிருந்தார்கள். பறித்த சரங்களைப் பாயில் குவித்து, காலைக் கழுவிக்கொண்டு மிதிக்கச் சொன்னார்கள். மிதிக்க மிதிக்க மணி தனியாக, காம்பு தனியாக வந்துவிடும், பச்சை மிளகு வாசம் மூக்கில் ஏறும், பிள்ளைகளை இறக்குவதுதான் பெரும்பாடு. வனிலா கொடி ஒன்று பூத்திருந்தது. அந்தப் பூ காலையில் விரிந்து அன்றைக்கே வாடிவிடும், அதற்குள் மகரந்தம் சேர்க்க வேண்டும். வனிலா மெக்சிகோ கொடி, அதற்குப் பழக்கமான தேனீ நம்ம பக்கம் கிடையாது. ஈர்க்குச்சியால் உள்ளே இருக்கிற மெல்லிய மடலைத் தூக்கிவிட்டு, பெருவிரலால் மகரந்தத்தை ஒரு அழுத்து அழுத்துகிறார்கள், அவ்வளவுதான். 1841ல் ரீயூனியன் தீவில் எட்மண்ட் அல்பியஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன் கண்டுபிடித்த வழி இது, இன்றைக்கும் உலகம் முழுக்க இதே கைவேலைதான். சித்தி மகள் ஒரு பூவுக்குச் செய்து பார்த்தாள். காய் முற்ற எட்டு ஒன்பது மாதம் ஆகுமாம், அதை வந்து பார்க்க வேண்டும் என்று இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

குறையும் சொல்லிவிடுகிறேன். பாதை சரிவு, ஈரத்தில் வழுக்கும், முட்டிவலி உள்ளவர்கள் தடி இல்லாமல் இறங்க வேண்டாம். கழிப்பறை ஒன்றுதான்.

அடுத்தது மூங்கில் தெப்பம். பெரியார் புலிகள் காப்பகத்தில் வனத்துறையே நடத்துகிறது, முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். சின்னக் குழுவாகத்தான் கூட்டிப்போகிறார்கள், துப்பாக்கியோடு வனக்காவலர் கூட வருவார். காட்டுக்குள் நடந்து, தெப்பத்தில் ஏறித் துடுப்புப் போட்டு, மறுபடி நடந்து, முழு நாள் ஆகிவிடும். அட்டை ஏறாமல் இருக்க முட்டிவரை துணி உறை தருகிறார்கள். ஏரிக்குள் மொட்டை மொட்டையாகப் பட்ட மரங்கள் நிற்கும். 1895ல் முல்லைப் பெரியாறு அணை கட்டித் தண்ணீர் ஏறியபோது மூழ்கிய காடு அது, நம்ம பக்கத்து வயலுக்கு வருகிற தண்ணீர் அந்த மரங்களுக்கு நடுவில்தான் கிடக்கிறது. மோட்டார் சத்தம் இல்லை என்பதால் நீர்க்காகம் சிறகு விரித்துக் காய்வதைப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். வழிகாட்டிகளில் சிலர் ஒரு காலத்தில் காட்டில் திருட்டுத்தனமாகப் பட்டை உரித்தவர்கள், அவர்களையே வனத்துறை காவலுக்கும் வழிகாட்டவும் சேர்த்துக்கொண்டது. அவர்களுக்குத் தெரியாத தடமே கிடையாது. குழந்தைகளைப் படகுக்கு அனுப்பிவிட்டுப் பெரியவர்கள் மட்டும் போங்கள். என் கணக்கில் கொடுத்த காசுக்கு மேலேயே கிடைத்தது.

நடந்த கால்களுக்கு மறுநாள் உழிச்சில், அதாவது ஆயுர்வேத எண்ணெய் மசாஜ். இங்கேதான் கவனம் வேண்டும், பஸ் ஸ்டாண்ட் பக்கம் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூப்பிடுகிறார்கள். ஒரு இடத்தில் எட்டிப் பார்த்தேன், வைத்தியர் இல்லை, என்ன எண்ணெய் என்று கேட்டால் "ஸ்பெஷல்" என்று பதில், வெளியே வந்துவிட்டேன். நல்ல இடத்தில் முதலில் வைத்தியர் நாடி, ரத்த அழுத்தம் பார்ப்பார், என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பார், பெண்களுக்குப் பெண்கள்தான் செய்வார்கள். அப்படி ஓர் இடத்தில் சித்திக்கும் எனக்கும் அப்யங்கம் என்கிற உடம்பு முழுக்க எண்ணெய் தேய்ப்பு செய்தார்கள். மரப்பலகையில் படுக்க வைத்து, வெதுவெதுப்பான எண்ணெயை உச்சியிலிருந்து பாதம்வரை ஒரே சீராக இழுத்து விட்டார்கள், கெண்டைக்காலில் இருந்த பிடிப்பு அங்கேயே விட்டது. முடிந்ததும் பயத்தமாவு தேய்த்து வெந்நீர்க் குளியல். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள், அன்றைக்கு மலை இறங்கி வண்டி ஓட்டவும் வேண்டாம், தூக்கம் அப்படி வரும்.

யானைச் சவாரிக்கும் கூப்பிடுவார்கள். அங்குசத்துக்குப் பயந்து நிற்கிற யானைமேல் ஏறி உட்கார எனக்கு மனம் வராது, பிள்ளைகளையும் ஏற்றவில்லை. சாயங்காலம் கேரளத்துச் சண்டைக் கலையான களரி பார்க்கலாம், நன்றாகவே இருந்தது.

ஏலக்காய் வாங்குவதாக இருந்தால் கடையில் ஒன்றைப் பிளந்து காட்டச் சொல்லுங்கள். உள்ளே விதை கறுப்பாக, லேசாகப் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு இருக்க வேண்டும், வெளுத்து உதிர்ந்தால் பிஞ்சில் பறித்தது அல்லது பழைய சரக்கு. ஈரமான வெள்ளைத் துணியில் தேய்த்துப் பச்சை ஒட்டினால் சாயம் ஏற்றியது, வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.