ப்ளேஆஃப் மெஷின் எப்படி? லயன்ஸ், வைகிங்ஸ், பில்ஸ் ரசிகர்கள் கண்டிப்பாகப் படிக்கவும்

டிசம்பர் பாதி தாண்டிவிட்டால் போதும், என்.எஃப்.எல். (அமெரிக்கன் ஃபுட்பால் லீக்) ரசிகர்கள் எல்லாரும் கணக்கு வாத்தியாராக மாறிவிடுவார்கள். "இந்த வாரம் நாங்க ஜெயிச்சு, அவங்க தோத்து, அந்த இன்னொரு மேட்ச் டை ஆச்சுன்னா..." என்று ஆரம்பிக்கும் வாக்கியம் எங்கே போய் முடியும் என்று சொல்பவருக்கே தெரியாது. அந்தக் கணக்கை நமக்காகப் போட்டுத் தருவதற்கென்றே ஈ.எஸ்.பி.என். தளத்தில் இருப்பதுதான் ப்ளேஆஃப் மெஷின். ப்ளேஆஃப் என்றால் சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கும் நாக்அவுட் சுற்று. இலவசம். ஒவ்வொரு சீசன் கடைசியிலும் நான் திறந்து வைத்துக்கொண்டு உட்காரும் பக்கம் இது, என்னோடு வாதாடுகிறவர்களும் இதைத்தான் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புகிறார்கள். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யார் உள்ளே, யார் வெளியே என்ற சண்டைக்கு இதைவிட நல்ல நடுவர் இல்லை. யார் ஃபேவரிட், யார் அண்டர்டாக், அதாவது யார் ஜெயிப்பார், யார் தோற்பார் என்று ஊர் நினைக்கிறது என்ற சண்டைக்கு இதைச் சாட்சிக்குக் கூப்பிடவே கூடாது. ஆனால் பாதிப் பேர் அதற்குத்தான் கூப்பிடுகிறார்கள்.

வேலை செய்யும் விதம் ரொம்ப எளிது. மிச்சமிருக்கும் ஆட்டங்கள் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றிலும் யார் ஜெயிப்பார் என்று நீங்கள் தட்டவேண்டும், தட்டத் தட்ட இரண்டு கான்ஃபரன்ஸிலும் (லீக்கின் இரண்டு பாதிகள்) யார் யாருக்கு எந்த சீடு (ப்ளேஆஃப் வரிசை எண்) என்று கணக்குப் போட்டுக் காட்டும். 2020 சீசனிலிருந்து ஒரு கான்ஃபரன்ஸுக்கு 7 அணிகள், மொத்தம் 14. டிவிஷனை (கான்ஃபரன்ஸுக்குள் இருக்கும் சிறு பிரிவு) வென்ற நான்கு அணிகளுக்கு 1 முதல் 4 வரை, டிவிஷன் வெல்லாமல் வைல்ட் கார்டாக வரும் மூன்றுக்கு 5, 6, 7. முதல் சீடுக்கு மட்டும்தான் முதல் வாரம் ஓய்வு, மற்ற எல்லாரும் அந்த வாரமே ஆடியாக வேண்டும்.

இதில் உண்மையிலேயே தலைவலி பிடித்த விஷயம் டைபிரேக்கர். ஒரே வெற்றிக் கணக்கில் இரண்டு அணிகள் நின்றால், ஒரே டிவிஷன் என்றால் ஒரு வரிசை, வேறு வேறு டிவிஷன் என்றால் இன்னொரு வரிசை. நேருக்கு நேர் ஆடியதில் யார் ஜெயித்தார்கள், டிவிஷனுக்குள் எப்படி, இருவரும் சந்தித்த பொது எதிரணிகளிடம் எப்படி, கான்ஃபரன்ஸுக்குள் எப்படி, அப்புறம் யாரை வென்றார்களோ அந்த அணிகளின் பலம் என்று போய்க்கொண்டே இருக்கும், எதிலுமே தீரவில்லை என்றால் கடைசியில் நாணயம் சுண்டுவதுதான். மூன்று அணிகள் சமமாக நின்றால் இதெல்லாம் இன்னும் சிக்கல். காகிதத்தில் போட உட்கார்ந்தால் ஒரு மாலை நேரம் போய்விடும், இந்தப் பக்கத்தில் ஒரு தட்டு. இதற்காக மட்டுமே ஐந்துக்கு ஐந்து கொடுக்கலாம்.

ஜெயிப்பதைத் தவிர டை என்றும் தேர்ந்தெடுக்கலாம் என்பதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. என்.எஃப்.எல்.லில் டை என்பது அபூர்வம்தானே, அதை யார் தொடப்போகிறார்கள்? 2022 ஜனவரி 9 அன்று தொட்டிருந்தால் தெரிந்திருக்கும். அந்த சீசனில் அதற்கு முன் இரண்டே ஆட்டம் ஜெயித்திருந்த ஜாகுவார்ஸ், உள்ளே வந்துவிடுவார்கள் என்று எல்லாரும் நினைத்திருந்த கோல்ட்ஸை 26-11 என்று வீட்டுக்கு அனுப்பியது. ஸ்டீலர்ஸ் ஓவர்டைமில் ரேவன்ஸை 16-13 என்று முடித்தது. அதோடு ராத்திரி ஆட்டத்துக்கு ஒரு விநோதமான நிலைமை வந்து சேர்ந்தது. ரெய்டர்ஸும் சார்ஜர்ஸும் டை செய்தால் இருவருமே உள்ளே, ஸ்டீலர்ஸ் வெளியே! இரண்டு பேரும் பேசிவைத்து ஒவ்வொரு முறையும் பந்தை முன்னேற்றாமல் முட்டி போட்டு நேரத்தைக் கடத்தினால் போதுமே என்று கிண்டல் செய்தவர்கள் உண்டு. ஆட்டம் நிஜமாகவே 29-29 என்று ஓவர்டைமுக்குப் போனது, அங்கே 32-32 ஆனது, கடைசி நொடியில் ரெய்டர்ஸின் டேனியல் கார்ல்சன் ஃபீல்ட் கோல் (கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுக்கும் 3 புள்ளி) அடித்து 35-32 ஆக்கினார். சார்ஜர்ஸ் வெளியே, ஸ்டீலர்ஸ் உள்ளே. 38 நொடி மிச்சமிருக்கும்போது சார்ஜர்ஸ் கோச் பிராண்டன் ஸ்டேலி எடுத்த டைம் அவுட்தான் கெடுத்தது என்று ஒரு கட்சி, ரெய்டர்ஸ் எப்படியும் உதைத்திருப்பார்கள் என்று இன்னொரு கட்சி, அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. அப்படி உள்ளே வந்த ஸ்டீலர்ஸ் அடுத்த வாரமே சீஃப்ஸிடம் 42-21 என்று தோற்றது வேறு விஷயம்.

நான் பில்ஸ் ரசிகன், அதனால் இந்த மாதிரிப் பக்கத்தின் அருமை எனக்குக் கொஞ்சம் கூடவே தெரியும். 1999 சீசனுக்கு அப்புறம் 17 வருஷம் ப்ளேஆஃப் வாசலையே மிதிக்காத அணி. 2017 கடைசி நாளில் நாங்கள் டால்ஃபின்ஸை ஜெயித்தது மட்டும் போதவில்லை, பால்டிமோரில் பெங்கால்ஸ் ரேவன்ஸைத் தோற்கடிக்கவும் வேண்டியிருந்தது. பெங்கால்ஸுக்கு அந்த ஆட்டத்தில் ஜெயித்து ஒன்றும் ஆகப்போவதில்லை. நான்காவது டவுன் (அதாவது கடைசி முயற்சி), 12 யார்டு வேண்டும், ஒரு நிமிஷம்கூட மிச்சமில்லை, பெங்கால்ஸின் ஆண்டி டால்டன் தன் அணியின் டைலர் பாய்டுக்கு வீசிய பந்து 49 யார்டு டச்டவுனாக (எல்லைக்கோட்டைத் தாண்டி எடுக்கும் 6 புள்ளி) ஆனது. பில்ஸ் ரசிகர்கள் டால்டனின் அறக்கட்டளைக்கு 17 டாலர், 17 டாலராக அனுப்பிக் குவித்தார்கள், வருஷத்துக்கு ஒரு டாலர் கணக்கு. நமக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு ஆட்டத்தை உயிரைப் பிடித்துக்கொண்டு பார்க்கவேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லித் தருவது இந்த மாதிரிக் கருவிதான், அந்த ஆட்டத்தின் பெயரைத் தட்டி மாற்றிப் பார்த்தால் நம் அணி உள்ளே வெளியே என்று குதிப்பது கண்ணுக்கு நேரே தெரியும்.

சரி, இப்போது குறை. இது கருவியின் குறை பாதி, பயன்படுத்துகிறவர்களின் குறை பாதி.

சீடு என்பது பலத்தின் அளவு கிடையாது. டிவிஷன் வென்றதற்கும், அதுவரை சேர்த்த வெற்றிகளுக்கும் கிடைக்கிற இடம், அவ்வளவுதான். ஆனால் திரையில் 1, 2, 3 என்று அழகாக வரிசை கட்டி நிற்பதைப் பார்த்ததும் "நாங்க மூணு, நீங்க அஞ்சு, நாங்கதான் ஃபேவரிட்" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். 2024 சீசனின் என்.எஃப்.சி. (இரண்டு கான்ஃபரன்ஸில் ஒன்று) பக்கத்தை எடுத்துப் பாருங்கள். 2025 ஜனவரி 5, ரெகுலர் சீசனின் கடைசி ஆட்டம், லயன்ஸும் வைகிங்ஸும் 14-2 (14 வெற்றி, 2 தோல்வி) என்று சமமாக நின்று மோதினார்கள். ஜெயித்தால் முதல் சீடு, ஒரு வாரம் ஓய்வு, சொந்த மைதானம். தோற்றால் 5ஆம் சீடு, பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளியூர். நடுவில் எதுவுமே இல்லை! மெஷினில் அந்த ஒரு ஆட்டத்தை இந்தப் பக்கம் தட்டினால் ஒரு உலகம், அந்தப் பக்கம் தட்டினால் வேறு உலகம். லயன்ஸ் 31-9 என்று ஜெயித்தது. 14-3 என்று முடித்த வைகிங்ஸ், 10-7 என்று டிவிஷனை வென்ற ராம்ஸை விருந்தாளியாகப் போய்ச் சந்திக்கவேண்டி வந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் காட்டுத்தீயால் ஆட்டத்தை அரிசோனாவுக்கு மாற்றினார்கள், அங்கேயும் ராம்ஸ் 27-9.

வைகிங்ஸ் ரசிகர்கள் பொங்கினார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. நான்கு வெற்றி அதிகம் வைத்திருக்கிற அணி எதற்காக வெளியூர் போகவேண்டும்? இதை மாற்றி, டிவிஷன் வென்றவர்களுக்கு உள்ளே வரும் உரிமையை மட்டும் வைத்துவிட்டு, சீடை வெற்றிக் கணக்குப்படி கொடுக்கலாம் என்று 2025இல் முன்மொழிவு கொண்டுவந்தது யார் தெரியுமா, லயன்ஸேதான். மே மாதம் அவர்களே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். வந்திருந்தால் நல்லதா? என் கருத்து, டிவிஷன் பட்டத்துக்கு ஒரு ஆட்டமாவது சொந்த ஊரில் கிடைக்கவேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பட்டத்துக்கு மதிப்பே இருக்காது. அதற்குச் சாட்சி 2010 சீசனின் சீஹாக்ஸ். 7-9 என்று தோல்விக் கணக்கோடு டிவிஷனை வென்றார்கள், ஊரெல்லாம் சிரித்தது, அப்புறம் சியாட்டிலில் நடப்பு சாம்பியன் செயின்ட்ஸை 41-36 என்று அனுப்பினார்கள், சீஹாக்ஸின் மார்ஷான் லிஞ்ச் பந்தோடு 67 யார்டு ஓடிய ஆட்டம் அது. புதிய முறை அன்று இருந்திருந்தால் அந்த ஆட்டம் சியாட்டிலில் நடந்திருக்காது, அந்த ஓட்டம் நடந்திருக்குமா என்று யார் கண்டார்கள்.

முதல் சீடு வாங்கிய லயன்ஸ் என்ன ஆனது? 15-2, ஓய்வு, சொந்த மைதானம், எல்லாம் இருந்தும் 6ஆம் சீடு கமாண்டர்ஸிடம் 45-31 என்று விழுந்தது. கமாண்டர்ஸின் ஜெய்டன் டேனியல்ஸ் அப்போது முதல் வருஷ க்வார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்). லயன்ஸ் டிஃபென்ஸில் காயம் பட்டவர்களை வைத்தே ஒரு தனி அணி அமைக்கலாம், எய்டன் ஹட்சின்சன் அக்டோபரிலேயே காலை உடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சீடு எண்ணில் இதெல்லாம் எங்கே தெரியும்? செப்டம்பரில் ஹட்சின்சனோடு ஜெயித்ததும் ஒரு வெற்றிதான், டிசம்பரில் அவர் இல்லாமல் ஜெயித்ததும் ஒரு வெற்றிதான், மெஷினுக்கு இரண்டும் ஒன்று.

சதவீதம் வேண்டும் என்பவர்கள் நியூயார்க் டைம்ஸின் சிமுலேட்டருக்குப் போகலாம். அதிலும் ஆட்டங்களைத் தட்டலாம், ஒவ்வொரு அணிக்கும் ப்ளேஆஃபுக்கு வரும் வாய்ப்பு எவ்வளவு என்று எண் மாறிக்கொண்டே வரும். நல்ல பக்கம்தான், ஆனால் சதவீதத்தைப் படிப்பதில் நம் ஆட்கள் இன்னும் மோசம். ஒரு ஃபேவரிட் அணி ஒவ்வொரு ஆட்டத்தையும் ஜெயிக்க 70 சதவீதம் வாய்ப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம், அது ரொம்பத் தாராளமான கணக்கு. முதல் சீடு என்றால் சூப்பர் பவுலோடு (இறுதிப்போட்டி) சேர்த்து மூன்று ஆட்டம், கோப்பைக்கான வாய்ப்பு சுமார் 34 சதவீதம். ஓய்வு கிடைக்காத அணிக்கு நான்கு ஆட்டம், 24 சதவீதம். அதாவது எல்லாரையும்விடப் பெரிய ஃபேவரிட் என்று நாம் கொண்டாடும் அணிகூட மூன்று வருஷத்தில் இரண்டு வருஷம் தோற்கத்தான் செய்யும். அந்த 10 சதவீத வித்தியாசம்தான் ஓய்வு வாரத்தின் விலை, அதற்காகத்தான் டிசம்பர் முழுக்க அடித்துக்கொள்கிறார்கள். இதைப் புரிந்துகொள்ளாமல் "ஃபேவரிட்டுன்னு சொன்னீங்களே, தோத்துட்டாங்களே, கணக்கே பொய்" என்று சொல்கிறவரோடு வாதாடி ஒரு பிரயோஜனமும் இல்லை.

அண்டர்டாக் விஷயம் இன்னும் வேடிக்கை. யாருமே எங்களை நம்பவில்லை என்று சொல்லாத அணியே இப்போது கிடையாது, முதல் சீடுகூடச் சொல்கிறது. அதில் ஒரே ஒரு தடவை நியாயம் இருந்தது. 2017 சீசனில் ஈகிள்ஸ் முதல் சீடு, ஆனால் முதன்மை க்வார்ட்டர்பேக் கார்சன் வென்ட்ஸ் காயம், அவருக்கு மாற்றாக நிக் ஃபோல்ஸ் ஆடுகிறார், சொந்த ஊரிலேயே 6ஆம் சீடு ஃபால்கன்ஸ்தான் ஃபேவரிட் என்று பந்தயக்காரர்கள் வைத்தார்கள். 15-10 என்று ஜெயித்ததும் ஈகிள்ஸின் லேன் ஜான்சனும் கிறிஸ் லாங்கும் நாய் முகமூடியை (அண்டர்'டாக்' அல்லவா) மாட்டிக்கொண்டு நின்றார்கள், கடைசியில் பேட்ரியாட்ஸை 41-33 என்று வென்று கோப்பையையும் எடுத்தார்கள். சீடு ஒன்று சொல்ல, பந்தயம் வேறு சொல்ல, பந்தயம் தோற்ற கதை. மாறாக 2023 சீசனில் சொந்த மைதானத்தில் தொடர்ந்து 16 ஆட்டம் ஜெயித்திருந்த கவ்பாய்ஸை, 7ஆம் சீடு பேக்கர்ஸ் 48-32 என்று வென்றபோது சீடும் பந்தயமும் சேர்ந்தே தோற்றன. 7ஆம் சீடு ஒரு ப்ளேஆஃப் ஆட்டத்தை ஜெயித்தது அதுதான் முதல் தடவை.

இதே மாதிரி வேறு சில தளங்களும் இருக்கின்றன. ஒன்றில் (பெயர் வேண்டாம்) போனில் பாதி ஆட்டங்களைத் தட்டி முடித்த நேரத்தில் விளம்பரம் முழுத் திரைக்கு வந்து, மூடினால் எல்லாத் தேர்வும் அழிந்துபோனது, அதோடு விட்டுவிட்டேன். எதைப் பயன்படுத்தினாலும் கம்ப்யூட்டரில் பயன்படுத்துங்கள். இன்னொரு விஷயம், சீக்கிரமே ஆரம்பிக்காதீர்கள். ஆறு ஏழு வாரம் மிச்சமிருக்கும்போது தட்டினால் எந்த அணியையும் முதல் சீடாக்கிவிடலாம், சந்தேகமான எல்லா ஆட்டத்தையும் நம் அணிக்குச் சாதகமாகவே விரல் தட்டும். கடைசி இரண்டு வாரத்தில்தான் இதன் ருசியே.

மதிப்பெண் என்று கேட்டால் ஐந்துக்கு நான்கு. அந்த ஒன்றைக் குறைத்தது, டைபிரேக்கரில் எந்தப் படியில் யார் முந்தினார்கள் என்பதை இந்த வகைக் கருவிகள் இன்னும் கொட்டை எழுத்தில் காட்டலாம் என்பதற்காக, ஏனென்றால் சண்டையில் பதிலைவிடக் காரணம்தான் அதிகம் தேவைப்படுகிறது. வெற்றிக் கணக்குப்படி சீடை மாற்றிக் காட்டும் பொத்தான் ஒன்றும் வேண்டும், வைகிங்ஸ் ரசிகர்கள் அதை விட்டு நகரவே மாட்டார்கள்.

ரெகுலர் சீசனின் கடைசி வாரமான 18ஆம் வாரம் முடிந்ததும் அந்த டேபை மூடிவிடலாம். அதற்கப்புறம் யார் ஃபேவரிட் என்று யாராவது கேட்டால் புதன்கிழமையிலிருந்து அணிகள் வெளியிடும் காயப் பட்டியலைத் திறந்து, லெஃப்ட் டாக்கிள் (க்வார்ட்டர்பேக்கைக் காக்கும் ஆட்டக்காரர்) பயிற்சிக்கு வந்தாரா என்று பாருங்கள்.