மெஜிக் பழகப் புத்தகமா, வீடியோவா?

நேராகவே சொல்லிவிடுகிறேன். மெஜிக் பழக ஆசைப்படுகிற பிள்ளை என்னிடம் கேட்டால் முதலில் புத்தகம் என்றுதான் சொல்வேன். வீடியோ வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் அது இரண்டாவது. ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா பக்கம் கையில் போன் இருக்கிற எந்தப் பிள்ளையும் யாராவது காசை மறைத்துக் காட்டுவதை ஒரு தரமாவது பார்த்திருக்கும். அதையே நாலு பேர் முன்னால் செய்யச் சொல்லிப் பாருங்கள், அப்போதுதான் சங்கதி தெரியும்.

ஒரு வித்தையை எடுத்துக்கொள்வோம். பிரெஞ்ச் ட்ராப் என்பார்கள், காசு வித்தையில் அனா ஆவன்னா மாதிரி. இடது கைப் பெருவிரலுக்கும் மற்ற விரல்களின் நுனிக்கும் இடையில் காசைப் பிடித்திருக்கிறீர்கள். வலது கை வருகிறது, அதன் பெருவிரல் காசுக்குக் கீழே போகிறது, மற்ற விரல்கள் முன்பக்கத்தை மறைக்கின்றன, எடுப்பது போல மூடுகிறது. மறைந்த அந்த நொடியில் காசு இடது உள்ளங்கைக்குள் விழுந்துவிடும், வலது கை வெறுமனே விலகிப் போகும். இதை வீடியோவில் ஒரு தரம் பார்த்தாலே புரிந்துவிடும். புத்தகத்தில் ஒரு பத்தி வாசித்து, இரண்டு படத்தை மாறி மாறிப் பார்த்து, எந்த விரல் எங்கே என்று தடவித் தடவித்தான் வர வேண்டும். இந்த இடத்தில் வீடியோவுக்குத்தான் வெற்றி, சந்தேகமே இல்லை.

ஆனால் நல்ல புத்தகம் இதைச் சொல்லித் தருகிற விதமே வேறு. முதலில் காசை உண்மையாகவே எடு என்கிறது. திரும்பத் திரும்ப எடு, எடுக்கும்போது உன் கண் எந்தக் கையோடு போகிறது, வலது கை எவ்வளவு இறுக மூடுகிறது, இடது கை எந்த நேரத்தில் தளர்கிறது என்று கவனி, பிறகு அதெல்லாம் அப்படியே இருக்க, காசை மட்டும் விட்டுவிடு. வீடியோக்காரர் இதைச் செய்கிறார், ஆனால் சொல்வது குறைவு. பார்க்கிற பிள்ளை விரலைத்தான் பார்க்கும், அவருடைய கண்ணைப் பார்க்காது. அதனால்தான் வீடியோ பார்த்துப் பழகிய பலர் காசு ஒளிந்திருக்கிற கையையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

இடம் வலம் தொல்லையும் இருக்கிறது. வீடியோவில் ஆள் நம்மைப் பார்த்து நிற்கிறார், அவருடைய வலது கை நமக்கு இடப்பக்கம். பல புத்தகங்களில் படத்தைச் செய்கிறவரின் பக்கமிருந்தே வரைந்திருப்பார்கள், குனிந்து நம்ம கையைப் பார்க்கிற மாதிரியே இருக்கும்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுவது பார்க்கிறவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான். வீடியோவில் பார்ப்பது ஒரே ஒரு கமரா, அது நேர் எதிரே அசையாமல் இருக்கிறது, அதற்கு மட்டும் மறைந்தால் போதும். நம்ம இடத்தில் அப்படியா நடக்கிறது? லயத்து இஸ்தோப்பில் ஒரு வித்தை காட்டினால் இரண்டு பேர் படியில், ஒருத்தர் தூணோடு சாய்ந்து, சின்னதுகள் முதுகுக்குப் பின்னால் வந்து முழங்கைக்கு அடியால் எட்டிப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். திருவிழா நேரத்தில் சொல்லவே வேண்டாம். முன்னாலிருந்து பார்த்தால் மட்டும் மறைகிற வித்தை அங்கே ஒரு நிமிடம் தாங்காது. பழைய புத்தகங்கள் மேடையிலும் மேசையைச் சுற்றியும் செய்தவர்கள் எழுதியவை, இதைச் செய்யும்போது இடப்பக்கம் யாரும் இருக்கக்கூடாது என்கிற மாதிரிக் குறிப்பை அவற்றில் அடிக்கடி பார்க்கலாம். இந்த ஒரு வரிக்காகவே நான் புத்தகத்தின் பக்கம் நிற்பேன்.

அடுத்தது சீட்டு. தோட்டத்தில் 304 விளையாடுகிற வீட்டில் 32 சீட்டு எப்படியும் இருக்கும். அதில் 21 போதும். ஒருத்தரை மனதுக்குள் ஒரு சீட்டை நினைக்கச் சொல்லி, மூன்று வரிசைக்கும் மாறி மாறி ஒவ்வொன்றாகப் போட்டு ஏழேழு வைத்து, எந்த வரிசையில் இருக்கிறது என்று கேட்டு, அந்த வரிசையை நடுவில் வைத்து அடுக்க வேண்டும். இப்படி மூன்று முறை செய்தால் நினைத்த சீட்டு பதினோராவதாக வந்து நிற்கும். கைத்திறமையே வேண்டாம். இதை எழுதினால் அஞ்சாறு வரிதான், வீடியோவில் முன்னுரையும் சப்ஸ்கிரைபும் சேர்த்துப் பல நிமிடம். அதுகூடப் பரவாயில்லை. ஏன் பதினொன்று என்று விளக்கி எழுதியிருப்பதை ஒரு தரம் நிதானமாக வாசித்தால், 27 சீட்டை எடுத்து ஒன்பது ஒன்பதாக வைத்து, பார்ப்பவர் சொல்கிற எந்த எண்ணுக்கும் அந்தச் சீட்டைக் கொண்டுவர முடியும் என்பது பிடிபடும். வரிசையை மேலே, நடுவே, கீழே என்று எங்கே வைக்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அதற்குப் பென்சிலும் கொப்பியும் வேண்டும், பாதியில் நிறுத்தி யோசிக்க நேரம் வேண்டும்.

1902இல் எஸ். டபிள்யூ. எர்ட்னேஸ் என்ற பெயரில் சீட்டுக் கையாளும் முறை பற்றி ஒரு புத்தகம் வந்தது. எழுதியவர் உண்மையில் யார் என்று இன்றுவரைக்கும் முடிவாகவில்லை. எழுத்தும் நூற்றுச் சொச்சம் படங்களும்தான். கனடாக்காரரான டாய் வெர்னன் சின்ன வயதிலேயே அதைப் பிடித்துக்கொண்டு பழகினார், பிறகு பேர்போன மெஜிக்காரர் ஹூடினியையே ஒரு சீட்டு வித்தையால் தடுமாற வைத்தார். பார்த்துக் காப்பியடிக்க ஆள் இல்லாதபோது உங்கள் கை தன் வழியைத் தானே தேடிக்கொள்ளும். வீடியோவில் பழகினால் வீடியோக்காரருடைய பேச்சு, அவர் சிரிக்கிற இடம், தலையைச் சாய்ப்பது எல்லாம் ஒட்டிக்கொள்ளும். எதிரே இருக்கிற பிள்ளைகளும் அதே வீடியோவைப் பார்த்திருப்பார்கள், அது வேறு.

செலவையும் பார்க்க வேண்டும். புதுப் புத்தகம் வெளியிலிருந்து வருவது, விலை கட்டாது. ஆனால் எர்ட்னேஸ் போல உரிமைக்காலம் முடிந்த பழைய புத்தகங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன, டவுனுக்குப் போகும்போது ஒரு தரம் இறக்கிக்கொண்டால் சிக்னல் இல்லாத டிவிஷனிலும் வாசிக்கலாம். வீடியோ டேட்டாவை விழுங்கிவிடும்.

புத்தகத்தின் பெரிய குறை மொழி. நல்லவை அநேகமாக ஆங்கிலத்தில், அதுவும் நூறு வருஷத்துப் பழைய ஆங்கிலத்தில். தமிழ் மூலம் படிக்கிற பிள்ளைக்கு அது மலை ஏறுகிற வேலைதான், தமிழில் சொல்லித் தருகிற வீடியோ அந்த இடத்தில் உண்மையாகவே கைகொடுக்கிறது. அகராதியை வைத்து ஒரு பக்கம் நீங்கள் வாசித்துச் சொல்லிக் கொடுத்தால் அடுத்த பக்கத்தைப் பிள்ளையே வாசிக்கும்.

இரண்டுமே சொல்லாத விஷயமும் உண்டு. காசு வித்தைகளில் பல அமெரிக்க அரை டொலருக்கு எழுதியவை, அது 30 மில்லிமீற்றருக்கும் மேல். நம்ம ஐந்து ரூபாய் நன்றாகச் சின்னது, உள்ளங்கைத் தசையில் கவ்வ வேறு இடம் தேட வேண்டும். நுவரெலியாக் குளிரில் கை காய்ந்து வழுக்கும், அடுப்பில் கையைக் காட்டிச் சூடாக்கிவிட்டுப் பழகுங்கள்.

போனை நான் பயன்படுத்தச் சொல்வது வேறு வேலைக்கு. பின் கமராவால் உங்களையே எடுங்கள், நேரே ஒரு தரம், பக்கவாட்டில் ஒரு தரம், சின்னப் பிள்ளையின் உயரத்திலிருந்து ஒரு தரம். முன் கமரா வேண்டாம், திரையில் இடம் வலம் மாறித் தெரியும். அப்புறம் புத்தகத்தில் எந்த வரி புரியவில்லையோ அந்த ஒன்றுக்கு மட்டும் வீடியோவைத் தேடி, வேகத்தைக் குறைத்துப் பாருங்கள்.

கயிற்று வித்தைக்கு மட்டும் இந்த வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். முடிச்சு எப்படிச் சுற்றிப் போகிறது என்று படத்தில் புரிந்துகொள்வது பெரிய பாடு, அதற்கு முதலிலேயே வீடியோதான்.